வீட்டைச் சுத்தமாக வைக்க என்னென்ன வாங்கி வைக்கலாம்?



ஆடி பிறந்துவிட்டால் நம் திருத்தணி பக்கத்தில் ஒரு வீட்டிலும் கை சும்மா இருக்காது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் சொந்தக்காரர்கள், நகரி, புத்தூர் பக்கமிருந்து வரும் சம்பந்தி வீட்டார் என்று எல்லோரும் நம் வீட்டில்தான் இறங்குவார்கள். மலைமேல் 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்தால் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், இரவு பாய் போட்டுப் படுக்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டை ஒட்டடை அடித்து, கழுவி, பாத்திரம் எல்லாம் துலக்கி வைத்துவிடுவோம். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும், பொங்கலுக்கும் இதே வேலைதான்.

ஆனால் அந்த வேலைக்குத் தேவையான பொருளை நாம் எப்படி வாங்குகிறோம்? "தம்பி, ஓடிப்போய் ஒரு சோப்புத்தூள் பாக்கெட் வாங்கிட்டு வா", "பினாயில் தீர்ந்துபோச்சு, பத்து ரூபாய்க்கு வாங்கிக்கோ" என்றுதான் வாங்குகிறோம். எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வைப்பதில்லை. வாங்கியதை எங்கே வைக்கிறோம் என்றும் யோசிப்பதில்லை.

இந்தப் பாடத்தை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் குழுக்களில் ஒன்றில், ஒரு மாதக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா அவசர உள்கடன் கேட்டார். என்ன செலவு என்று கேட்டோம். அவர் அழுதுகொண்டே சொன்னார். கக்கூஸ் கழுவ, சைக்கிளில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் அளந்து வாங்கிய ஆசிட்டை, காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி குளியலறை மூலையில் வைத்திருந்தார்களாம். மூன்று வயதுப் பேரன் தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டான். குழந்தை பிழைத்துக்கொண்டான். ஆனால் உணவுக் குழாய் வெந்துபோய், பல மாதம் கஞ்சியும் பாலும்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, மருமகள் வேலையையே விட்டுவிட்டாள். "பத்து ரூபாய் ஆசிட்டுங்க, எங்க குடும்பத்தையே சாய்ச்சிடுச்சு" என்றார் அந்தப் பெரியம்மா.

அன்று கடன் கொடுத்தோம். கூடவே ஒரு தீர்மானமும் போட்டோம். சுத்தம் செய்யும் பொருள் என்னென்ன, எவ்வளவு, எப்படி வாங்குவது, எங்கே வைப்பது என்று எல்லாக் குழுக்களிலும் ஒரு முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம்.

இந்தப் பாடத்தில் நாம் தெரிந்துகொள்ளப் போவது:

1. வீட்டிலேயே இருக்கும் பொருட்களை எதற்குப் பயன்படுத்தலாம்?
2. கடையில் கட்டாயம் வாங்க வேண்டியவை எவை?
3. சின்ன பாக்கெட் லாபமா, பெரிய பாக்கெட் லாபமா?
4. எதை எதோடு சேர்க்கக் கூடாது?
5. எங்கே வைப்பது, ஆபத்து வந்தால் என்ன செய்வது?
6. குழுவாக வாங்கினால் என்ன லாபம்?

வீட்டிலேயே இருப்பவை

நம் ஆயாக்கள் காலத்தில் கடை சோப்பு வாங்கவில்லை. ஆனாலும் பாத்திரம் பளபளவென்று இருந்தது. அது எப்படி என்று தெரிந்துகொண்டால் நாமும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

சாம்பல்: விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேரும்போது கொஞ்சம் சோப்பு போலவே ஆகிவிடும். அதனால்தான் சாம்பல் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு விடுகிறது. சல்லடையில் சலித்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் பாத்திரத்துக்கு ஆகாது.

புளி, எலுமிச்சைத் தோல்: இவை புளிப்பு. பித்தளை, செம்பு மேல் படியும் கருப்பை, பச்சையைக் கரைத்துவிடும். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, செம்புக் குடம் எல்லாவற்றுக்கும் சாறு எடுத்த புளிச் சக்கையே போதும். தேய்த்த பிறகு நன்றாகக் கழுவி, உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரம் இருந்தால் மறுபடியும் கறுக்கும். வெள்ளி விளக்கு, கொலுசுக்கு விபூதியைப் போட்டு மெல்லிய துணியால் துடைக்கலாம்.

அலுமினியப் பாத்திரத்துக்கு ஒரு எச்சரிக்கை. அதற்குச் சலவை சோடா போடக் கூடாது, கறுத்து அரித்துவிடும். உள்ளே கறுத்த அலுமினியத்தில் தண்ணீரும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தால் பளிச்சென்று ஆகும்.

சீயக்காய், பூந்திக்கொட்டை: இரண்டிலும் இயற்கையாகவே நுரை வரும் பொருள் இருக்கிறது. பட்டுப் புடவை, கம்பளிக்குச் சோப்புத்தூளை விட இதுதான் நல்லது. பூந்திக்கொட்டை பத்து பதினைந்தை விதை எடுத்துவிட்டு இரவு ஊற வையுங்கள். காலையில் கொதிக்க வைத்துப் பிசைந்து வடிகட்டினால் சோப்புத் தண்ணீர் தயார். இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், அதனால் அளவாகச் செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் எரியும்.

நார்: தேங்காய் நார், பீர்க்கங்காய் நார் இரண்டும் நம் ஊரில் காசில்லாமல் கிடைப்பவை. பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு, தோலை உரித்து, விதையை உதறினால் நார் வந்துவிடும். கம்பி நார் வாங்குகிறவர்கள், அது உதிர ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கம்பித் துண்டு சாப்பாட்டில் விழும்.

பழைய துணி: கிழிந்த லுங்கி, பருத்திப் புடவை, பனியன் எல்லாம் நல்ல துடைக்கும் துணி. ஆனால் அடுப்படித் துணி வேறு, தரை துடைக்கும் துணி வேறு, கக்கூஸ் பக்கம் உள்ள துணி வேறு. கலரை வைத்துப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. அடுப்படித் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். ஈரமாகச் சுருட்டி வைத்த துணியில்தான் கிருமி பெருகும்.

துடைப்பமும் பிரஷ்ஷும்

ஒரு வீட்டுக்கு இரண்டு துடைப்பமாவது வேண்டும். வாசலுக்கும் தண்ணீர் தள்ளவும் தென்னங்குச்சி விளக்குமாறு. உள்ளே சிமெண்ட் தரைக்கும் டைல்ஸுக்கும் பூந்துடைப்பம். தெலுங்கு பேசும் நம் வீடுகளில் 'சீப்புரு' என்று சொல்லும் இந்த மலைப்புல் துடைப்பம் ஆந்திராவின் கிழக்கு மலைகளிலிருந்தும், மேகாலயா போன்ற வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறது. புதுசாக வாங்கும்போது நிறைய பூ உதிரும். வெளியில் நன்றாக உதறிவிட்டு, ஒரு முறை தண்ணீரில் நனைத்து நிழலில் காய வைத்தால் உதிர்வது குறையும். பூ மேல்பக்கம் இருக்கும்படி, காது போட்டு ஆணியில் மாட்டுங்கள். பூ தரையில் அழுந்தினால் வளைந்து சீக்கிரம் போய்விடும்.

தென்னங்குச்சி விளக்குமாற்றை வாங்கவே வேண்டாம். தென்னை மரம் உள்ள வீட்டில் மட்டையைச் சீவி நாமே கட்டிக்கொள்ளலாம். கட்டத் தெரிந்த பாட்டி ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார்.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறி ஓடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தறியடியில் விழும் பஞ்சுத் தூசியை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் பறந்து மூச்சில் போகும். இருமல், இழுப்பு வரும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெருக்குங்கள்.

பிரஷ் மூன்று வேண்டும்: துணிக்கு ஒன்று, கக்கூஸுக்கு நீளக் கைப்பிடி உள்ளது ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று.

தொட்டி பிரஷ்ஷைப் பலர் வாங்குவதே இல்லை. ஆனால் இதுதான் டெங்குவைத் தடுக்கும் பிரஷ். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை போடுவதில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில், தொட்டியின் பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். முட்டை கொசுவாக ஆவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் சிமெண்ட் தொட்டி, டிரம், குடம், ஆட்டு உரல் எல்லாவற்றையும் சுவரோடு தேய்த்துக் கழுவ வேண்டும். 2017-ல் தமிழ்நாடு முழுவதும் டெங்கு வந்தபோது பட்ட கஷ்டத்தை நாம் மறக்கக் கூடாது. ஒரு பிரஷ்ஷின் விலை எங்கே, ஒரு காய்ச்சலின் செலவு எங்கே?

கடையில் வாங்க வேண்டியவை

டி.வி. விளம்பரம் பார்த்தால் சமையலறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று பத்து பாட்டில் வேண்டும் போலத் தோன்றும். உண்மையில் கீழே உள்ள ஆறு பொருள் இருந்தால் நம் வீட்டுக்குப் போதும்.

1. துணி சோப்பு, சோப்புத்தூள்: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பழைய மாதிரிச் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரியும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் காரணம். சோப்புத்தூள் அப்படித் திரியாது. ஆனால் கூடப் போட்டால் கூட அழுக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். மிச்சத் தூள் துணியில் தங்கும், அலச இன்னும் இரண்டு பக்கெட் தண்ணீர் வேண்டும், கையும் வெடிக்கும். அரை மணி நேரம் ஊற வைப்பதுதான் பாதி வேலை.

2. சலவை சோடா: விலை குறைவு, வேலை அதிகம். உப்புத் தண்ணீரை மென்மையாக்கும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை, வேலைக்குப் போகும் துணி ஊற வைக்கலாம். அடுப்பு மேடை, எண்ணெய் பிடித்த ஜன்னல் கம்பி துடைக்கலாம். பட்டு, கம்பளிக்கு ஆகாது. கையுறை இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் கவராவது கட்டிக்கொள்ளுங்கள். இது ஆப்ப சோடா இல்லை. இரண்டும் வெள்ளைத் தூள்தான். மாற்றிச் சமையலில் போட்டுவிடாமல், சலவை சோடாவை அடுப்படியில் வைக்கவே வேண்டாம்.

3. பாத்திரச் சோப்பு: கட்டியாக வாங்கினால் தண்ணீரில் ஊறாமல் துளை போட்ட டப்பாவில் வையுங்கள். ஊறிக் கரைந்து போவதுதான் அதிகம். இரும்பு தோசைக்கல்லுக்குச் சோப்பு வேண்டாம். சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

4. பிளீச்சிங் பவுடர்: கிருமியைக் கொல்ல இதைப் போல மலிவான பொருள் இல்லை. வீட்டில் வாந்தி பேதி வந்தால், அசுத்தத்தைச் சாம்பல் தூவி அள்ளிப் புதைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பவுடர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, அரை மணி கழித்துக் கழுவ வேண்டும். கலந்த தண்ணீரை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் பவுடரின் சக்தி போய்விடும். அதனால் கால் கிலோ, அரை கிலோ என்று குறைவாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். தகர டப்பா அரித்துவிடும். கலர் துணியில் பட்டால் சாயம் போகும்.

5. பினாயில்: தரை துடைக்க. பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்தால் போதும். வாசனைக்காகக் கூட ஊற்றுவது வீண். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பிறகு பினாயில் தண்ணீரில் துடைக்க வேண்டும்.

6. கை கழுவும் சோப்பு: இதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும். கக்கூஸ் பக்கம் ஒன்று, சாப்பிடும் இடத்துப் பக்கம் ஒன்று. 2020-ல் கொரோனா வந்தபோது 20 நொடி கை கழுவப் பழகினோமே, அந்தப் பழக்கம் வயிற்றுப்போக்குக்கும் மருந்துதான். துணி சோப்பின் துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, சோப்பு இருக்க வேண்டும்.

கக்கூஸ் கழுவ ஆசிட் வேண்டாமா என்று கேட்பீர்கள். தினமும் சோப்புத் தண்ணீர் ஊற்றி பிரஷ் போட்டால் கறை பிடிக்காது, ஆசிட்டே தேவையில்லை. ஆசிட் சிமெண்ட் தரையையும் மொசைக்கையும் அரித்து, இரும்புக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். குழியில் மலத்தை மக்கச் செய்யும் நல்ல கிருமிகளையும் கொல்லும். பிளீச்சிங் பவுடரையும் பினாயிலையும் தினம் தினம் கொட்டினாலும் அதே கதைதான். குழி சீக்கிரம் நிரம்பும், நாற்றம் அடிக்கும்.

சின்ன பாக்கெட்டா, பெரிய பாக்கெட்டா?

சின்ன பாக்கெட்டுக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சரித்திரம் உண்டு. பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரரும் ஷாம்பு வாங்க வேண்டும் என்று சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பு ஆரம்பித்து, அதே வழியில் பெரிய கம்பெனியாக வளர்த்தார். குஜராத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் வீட்டுக் கொல்லையில் சோப்புத்தூள் கலந்து, சைக்கிளில் வீடு வீடாக விற்றார். அதுதான் நிர்மா. ஏழை வீட்டுக்கும் இந்தப் பொருள் எல்லாம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஆனால் வாங்கும் நாம் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். கணக்கு ரொம்ப எளிது: விலையைக் கிராமால் வகுத்து, 1000-ஆல் பெருக்கினால் ஒரு கிலோ விலை.

கணக்குக்காக இந்த எண்களை வைத்துக்கொள்வோம். 10 ரூபாய் சோப்புத்தூள் பாக்கெட்டில் 80 கிராம். அப்படியென்றால் கிலோ 125 ரூபாய். அதே தூள் ஒரு கிலோ பாக்கெட் 95 ரூபாய். கிலோவுக்கு 30 ரூபாய் வித்தியாசம். மாதம் 2 கிலோ ஆகும் வீட்டில் 60 ரூபாய். வருஷத்துக்கு 720 ரூபாய். 15 பேர் உள்ள குழுவில் 10,800 ரூபாய். ஒரு உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கும் தொகை!

எப்போதும் பெரியதுதான் லாபம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஷாம்புவில் பல சமயம் தலைகீழாக இருக்கும். 5 மில்லி பாக்கெட் 1 ரூபாய் என்றால் 100 மில்லி 20 ரூபாய்தான். அதே 100 மில்லி பாட்டில் 80 ரூபாய் என்றால் எது லாபம்? நீங்களே சொல்லுங்கள். "பெரிய பாட்டில் கௌரவமா இருக்குது" என்பதற்காக 60 ரூபாய் கொடுக்க முடியுமா? அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். இப்போது பல பாக்கெட்டுகளில் ஒரு கிராம், ஒரு மில்லிக்கு எவ்வளவு என்பதும் அச்சடித்திருக்கும். கண் தெரியாதவர்கள் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். விலை அதே 10 ரூபாய்தான் இருக்கும், உள்ளே உள்ள கிராம் குறைந்திருக்கும். விலையைப் பார்க்கும் கண் கிராமையும் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல வேண்டிய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். குளிக்கும் சோப்பில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். சோப்பில் உள்ள எண்ணெய்ச் சத்தின் அளவு அது. 76-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். 70-ம் மேலும் இரண்டாம் தரம். 60-ம் மேலும் மூன்றாம் தரம்.

சேர்க்கக் கூடாதவை

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது. கதவு சாத்திய சின்னக் கக்கூஸில், குனிந்து தேய்க்கிறவர் முகத்துக்கு நேராகவே நிற்கும். கண் எரியும், மூச்சு அடைக்கும், நெஞ்சு வலிக்கும். கடையில் விற்கும் கக்கூஸ் கழுவும் திரவத்திலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கிறது. அதனால் அதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது. "ரெண்டையும் சேர்த்துப் போட்டா நல்லா வெளுக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு நாள் ஒன்றுதான். போட்ட பிறகு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பிளீச்சிங்கோடு பினாயிலையும் சேர்க்க வேண்டாம். பாச்சை உருண்டையைக் குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் போட வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதனால் ரத்தம் கெட்டு மஞ்சள் காமாலை வரும். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. துணிக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை போதும்.

எங்கே வைப்பது?

ஒரு சின்ன மரப்பெட்டி அல்லது மூடியுள்ள பக்கெட் எடுத்து, அதற்குள் எல்லாப் பொருளையும் வையுங்கள். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், அரிசி பருப்பு பக்கம் இல்லாமல் வையுங்கள்.

- வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில், டம்ளர், டானிக் பாட்டில் எதிலும் மாற்றாதீர்கள்.
- பெயர் இல்லாமல், லேபிள் இல்லாமல் அளந்து விற்பதை வாங்காதீர்கள். 2013-ல் உச்சநீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. வாங்குபவர் பெயர், முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. தெருவில் ஊற்றிக் கொடுப்பது சட்டப்படி தப்பு.
- பூச்சிமருந்து டப்பா எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்கு ஆகாது.
- கழுவி முடித்ததும் மிச்சத்தைப் பக்கெட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆபத்து வந்தால்

குழந்தையோ பெரியவரோ ஆசிட், பினாயில், பிளீச்சிங், சோடா எதையாவது குடித்துவிட்டால்:

செய்யக் கூடாதது: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விரல் விட்டு, உப்புத் தண்ணீர் கொடுத்து, புளி கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர் வழக்கம். இறங்கும்போது ஒரு முறை சுட்டது, ஏறும்போது இன்னொரு முறை சுடும். மூச்சுக் குழாயிலும் போய்விடும். டாக்டர் சொல்லாமல் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: வாயைத் தண்ணீரால் கழுவித் துப்பச் செய்யுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். குடித்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால்தான் டாக்டருக்கு என்ன விஷம் என்று தெரியும்.

கண்ணிலோ தோலிலோ பட்டால்: ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள். பட்ட துணியைக் கழற்றுங்கள். மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

வாயு மூக்கில் ஏறினால்: உடனே வெளியே காற்றுக்கு வர வேண்டும். மயங்கியவரைத் தூக்கப் போகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட வேண்டும்.

குழுவாக வாங்குவோம்

தனியாக வாங்கினால் நாம் சில்லறை வாடிக்கையாளர். பதினைந்து பேர் சேர்ந்து வாங்கினால் மொத்த வாடிக்கையாளர். இதற்கு ஒரு வழிமுறை:

1. மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்த மாதத் தேவையைச் சொல்ல வேண்டும். பிரதிநிதி பட்டியல் போட வேண்டும்.
2. அவரவர் பணத்தை அங்கேயே கட்டிவிட வேண்டும். கடனுக்கு வேண்டாம். சேமிப்புப் பணத்தை இதற்குத் தொடவும் வேண்டாம்.
3. இரண்டு பேர் திருத்தணி பஜாரில் மூன்று கடையில் விலை கேட்க வேண்டும். மாதா மாதம் ஆள் மாற வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் பேரம் பேசும் தைரியம் வரும்.
4. குழு பெயரில் பில் வாங்கித் தீர்மான நோட்டோடு வைக்க வேண்டும்.
5. மிச்சமான பணம் எவ்வளவு என்று கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அதைச் சேமிப்பில் கட்டலாம்.

சில உறுப்பினர்கள், "நாமளே பினாயில் தயாரிச்சு விற்றால் என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கேரளாவில் எம்.பி. ராமச்சந்திரன் 1983-ல் சகோதரரிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கி 'உஜாலா' நீலம் தயாரித்தார். ஆரம்பத்தில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர்கள் ஆறு பெண்கள். இன்று எல்லா மளிகைக் கடையிலும் அது இருக்கிறது. ஆக, பெண்கள் சொன்னால் பெண்கள் நம்பி வாங்குவார்கள். ஆனால் முதலில் நம் குழுவுக்கும் கூட்டமைப்புக்கும் மாதம் எவ்வளவு தேவை என்று ஆறு மாதம் எழுதிப் பாருங்கள். வாங்குபவர் யார் என்று தெரியாமல் தயாரித்தால் கேன் கேனாக வீட்டில்தான் நிற்கும். மாவட்டத்தில் உள்ள கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி இலவசம். சோப்புத் தயாரிக்கக் காஸ்டிக் சோடா தொட வேண்டியிருக்கும். பயிற்சி இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

இன்றே செய்யலாம்

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் குளியலறை மூலை, அடுப்பு மேடை அடி, மாடக்குழி மூன்றையும் பாருங்கள். பெயர் இல்லாத பாட்டில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மற்றதெல்லாம் அடுத்த மாதம் கூட வாங்கிக்கொள்ளலாம். இதற்கு மட்டும் நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்:

1. போன மாதம் சுத்தம் செய்யும் பொருளுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்? யாருக்காவது கணக்குத் தெரியுமா?
2. உங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினீர்கள்?
3. இரண்டு சோப்புத்தூள் பாக்கெட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து கிலோ விலை கணக்குப் போடுங்கள். எது லாபம்?
4. குழந்தை பினாயில் குடித்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? என்ன செய்ய மாட்டீர்கள்?
5. வீட்டைச் சுத்தம் செய்வது பெண்ணின் வேலை மட்டும்தானா? தொட்டி தேய்ப்பது, ஒட்டடை அடிப்பது, கக்கூஸ் கழுவுவது இவற்றில் ஆண்கள் எதைச் செய்கிறார்கள்?

ஐந்தாவது கேள்வியைக் கேட்டால் கூட்டத்தில் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பதிலையும் நோட்டில் எழுதுங்கள்.

அந்தப் பெரியம்மா இப்போதும் தவறாமல் கூட்டத்துக்கு வருகிறார். கடன் தவணையும் கட்டிக்கொண்டிருக்கிறார். புதிதாகச் சேரும் மருமகள்களிடம் அவரே முதல் பாடம் சொல்கிறார்: "குடிக்கிற பாட்டில்ல குடிக்கிறது மட்டும்தான் இருக்கணும்மா." இந்த ஒரு வரி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தாலே போதும், இந்தப் பாடம் எழுதிய பலன் கிடைத்துவிடும்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். ஒன்று சேர்வோம், உயர்வோம்.